மூணாவது ஸ்டேஷனில் சீனா

எங்கள் அபார்ட்மெண்ட் மேல் வீட்டுக்காரர் சீனா போய்விட்டு வந்தார். அன்றிலிருந்து நங்கநல்லூரில் எங்கள் தெருவில் ஒருவருக்கும் நிம்மதியில்லை.

அவர் பையன் ஷாங்காயில் வேலை பார்க்கிறான். அப்பாவை ஷியான் என்ற ஊருக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். அங்கே பூமிக்கடியில் மண்ணால் செய்த சிப்பாய்கள் வரிசை வரிசையாக நிற்கிறார்களாம். போனில் மொத்தம் 412 போட்டோ. (எண்ணினேன். பி.காம். படித்தவனுக்கு எண்ணுவதைத் தவிர வேறென்ன தெரியும்?) ஒவ்வொரு போட்டோவிலும் ஒரு சிப்பாய், பக்கத்தில் இவர். பத்து போட்டோவுக்குப் பிறகு எது மண், எது மேல் வீட்டுக்காரர் என்று கண்டுபிடிக்கச் சிரமமாக இருந்தது.

ஊரிலிருந்து வந்ததற்கு அடையாளமாக வீட்டுக்கு வீடு ஒரு சாண் உயரத்தில் மண் சிப்பாய் பொம்மை ஒன்றும் கொடுத்தார். கனமான பொம்மை. டி.வி. மேலே வைக்கலாமென்றால் இப்போதைய டி.வி.க்கு மேல் பக்கம் என்று ஒன்று கிடையாது. எங்கள் வீட்டில் அது செருப்பு ஸ்டாண்டுக்குக் காவல் நின்றது.

"1974-ல கிணறு வெட்டப் போன விவசாயிங்க சார்! நாலஞ்சு மண் துண்டு கிடைச்சிருக்கு. தகவல் மேல போச்சு. தோண்டிப் பார்த்தா கிட்டத்தட்ட எட்டாயிரம் சிப்பாய் இருக்கும்னு கணக்கு! கி.மு. 210-ல செத்துப்போன ராஜாவுக்குக் காவல். அவரோட சமாதி மேட்டை இன்னும் திறக்கவே இல்லை. நம்ம பக்கத்துல இந்த மாதிரி என்ன சார் இருக்கு? ஆஞ்சநேயர் இருக்கார். 32 அடி. ஒத்துக்கறேன். ஆனா அவருக்குக் கும்பாபிஷேகம் ஆனதே 1995-லதான்!"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்குப் பார்த்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சித்தப்பா, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"பல்லாவரம்."

மேல் வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். பல்லாவரம் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளிக்கிழமைச் சந்தை. பழைய பீரோ, பழைய மிக்ஸி, ஒற்றைச் செருப்பு வரைக்கும் கிடைக்கும். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. "சனிக்கிழமை வா. காட்டறேன்" என்றார்.

அவருக்கு வயது 79. கணக்குப் பிரிவில் உத்தியோகம் பார்த்து ரிடையரானவர். வாழ்க்கையில் ஒரு பைசா டேலி ஆகாமல் தூங்கினதில்லை என்பது அவருடைய பெருமை. அது முழு உண்மையில்லை என்பது சனிக்கிழமைதான் தெரிந்தது.

பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறினால் மீனம்பாக்கம், திரிசூலம், அடுத்தது பல்லாவரம். மூணாவது ஸ்டேஷன். ஷியானுக்கு மேல் வீட்டுக்காரர் செலவழித்ததைச் சொல்ல மாட்டேனென்கிறார். எனக்கு ஆன செலவைச் சொன்னால் இன்கம்டாக்ஸ்காரர்கூட நம்பமாட்டார்.

ஸ்டேஷனில் சித்தப்பா குடையுடன் காத்திருந்தார். கைடு வேலையை உடனே ஆரம்பித்துவிட்டார்.

"இங்கே ராணுவ மைதானம் ஒண்ணு இருந்தது. 1863, மே 30. ராபர்ட் புரூஸ் ஃபூட்னு ஒரு வெள்ளைக்காரன். ஜியாலஜிகல் சர்வேயில உத்தியோகம். மைதானத்துப் பக்கத்துல சரளைக் கல் தோண்டின குழியில ஒரு கல்லைப் பார்த்து எடுத்தான். மனுஷன் செதுக்கின கைக்கோடரி. இந்தியாவிலேயே அடையாளம் தெரிஞ்சு எடுத்த முதல் பழைய கற்காலக் கருவி அதுதான். இந்தியாவில மனுஷனோட கணக்குப் புஸ்தகத்துக்கு முதல் என்ட்ரி பல்லாவரத்துல போட்டதுடா!"

"அவருக்கு அப்ப என்ன வயசு?"

"இருபத்தெட்டு."

இருபத்தெட்டு வயதில் நான் சி.ஏ. இண்டரை மூன்றாவது தடவையாக எழுதிக்கொண்டிருந்தேன். பேச்சை மாற்றினேன்.

அதே வருஷம் செப்டம்பரில் ஃபூட்டும் இன்னொருவருமாகத் திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறையக் கருவிகளைக் கண்டுபிடித்தார்கள். அந்த இடத்தைப் பிற்காலத்தில் சாந்தி பப்பு குழுவினர் வருஷக்கணக்காகத் தோண்டி, கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் வருஷம் என்று 2011-ல் வெளியிட்டார்கள். பதினைந்து லட்சம்! எங்கள் பக்கத்தில் அந்த எண்ணைக் கேட்டால் ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் என்றுதான் நினைப்பார்கள்.

நடந்தோம். எதிரே மலை. பாதி மலை என்று சொல்ல வேண்டும். மீதியைக் குவாரிக்காரர்கள் வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"இந்தக் கல்லுக்கு என்ன பேர் தெரியுமா? சார்னோக்கைட். கல்கத்தாவில கம்பெனிக்காக முதல்ல கொடி நாட்டினானே ஜாப் சார்னாக், அவனோட சமாதிக்கு இங்கேருந்துதான் கல் போச்சு. இருநூறு வருஷம் கழிச்சு, 1893-ல ஹாலண்டுங்கிற ஜியாலஜிஸ்ட் அந்தச் சமாதிக் கல்லைப் பரிசோதனை பண்ணிட்டு, அந்த ஆள் பேரையே கல்லுக்கு வச்சான். இன்னிக்கு உலகம் பூராவும் அந்தப் பேர்தான்."

பாருங்கள் அநியாயத்தை! கல் பல்லாவரத்துடையது. பேர், அதற்குக் கீழே படுத்திருக்கிறவருடையது.

மலைச்சரிவில் ஏழாம் நூற்றாண்டு மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குடைவரை ஒன்று இருக்கிறது. அவனுடைய பட்டப் பெயர்களைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பிற்காலத்தில் அது தர்காவாக ஆகி, இன்றைக்கும் ஜனங்கள் வந்து வேண்டிக்கொண்டு போகிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷமாக ஒரு கட்டிடம் காலியாகவே இல்லை என்றால், அதுதான் சார் ரியல் எஸ்டேட்!

"சரி சித்தப்பா, சிப்பாய் எங்கே?"

"சிப்பாய் இல்லை. ஆனா சமாதி இருக்கு" என்றார். "நீ நின்னுண்டிருக்கற இடத்துல."

நான் ஒரு அடி தள்ளி நின்றேன். அதுவும் சமாதியாக இருக்கலாம் என்றார்.

விஷயம் இதுதான். இரண்டாயிரம் வருஷத்துக்கும் முந்தி இந்தப் பக்கம் இருந்த ஜனங்கள் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்தார்கள். சிலருக்குச் சுட்ட மண்ணில் நீளமான தொட்டி. ஈமப்பேழை என்று பேர். நம் வீட்டுக் குளியல் தொட்டிக்கு அடியில் வரிசையாகக் குட்டைக் கால்கள் வைத்த மாதிரி இருக்கும். அதில் எலும்புகளை வைத்து, கூடவே கலயங்களையும் சில சமயம் இரும்புச் சாமான்களையும் வைத்து மூடிவிடுவார்கள். 1880-களில் தொல்லியல் துறையைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் ரீ பல்லாவரத்தில் தோண்டி இந்தப் பேழைகளை எடுத்தார். இதே ரீதான் பிற்பாடு ஆதிச்சநல்லூருக்கும் போய்த் தாழி தாழியாக எடுத்தவர்.

இதெல்லாம் சித்தப்பாவுக்கு எப்படித் தெரியும்? ரிடையரானவர்கள் படிப்பது ஜாதகம், ராமாயணம், பென்ஷன் ஜி.ஓ. இந்த மூன்றும்தானே?

அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். சித்தி மோர் கொடுத்தாள். சித்தப்பா கொல்லைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். கதவைத் திறந்து, காற்றில் அடித்துக்கொள்ளாமல் ஒரு முட்டுக் கொடுத்தார். அந்த முட்டு எனக்கு நல்ல பழக்கம். சிவப்பாக, உருண்டையாக, உள்ளே குழலாக, அரை அடி உயரத்துக்கு ஒரு சுட்ட மண் கட்டை. சின்ன வயசில் கோடை லீவுக்கு வந்தால் அதுதான் எங்களுக்கு பௌலர் எண்ட் ஸ்டம்ப். ஒரு தடவை என் பந்து பட்டு அதன் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்துகூடப் போயிற்று.

"அது என்னன்னு தெரியுமா?" என்றார்.

"ஸ்டம்ப்."

"கால்டா. பேழையோட கால்."

சித்தப்பா படியில் உட்கார்ந்தார். 1996-ல் வீடு கட்டினபோது நடந்ததை, ஆடிட்டருக்கு எதிரே உட்கார்ந்த மாதிரி, ஒவ்வொன்றாகச் சொன்னார்.

சம்ப் தோண்டும்போது ஆறரை அடி ஆழத்தில் கடப்பாரை 'டொப்'பென்று சத்தம் கேட்டிருக்கிறது. பார்த்தால் ஒரு நீளமான மண் தொட்டி. மேஸ்திரி மேலே ஏறி வந்து காதோடு சொல்லியிருக்கிறார்: "சார், இது வெளியில தெரிஞ்சா கவர்மெண்டுக்காரன் வந்து கயிறு கட்டிடுவான். வீடு அவ்வளவுதான்."

அந்தப் பயம் வெறும் வதந்தியும் இல்லை. மத்திய அரசு பாதுகாக்கிற தொல்லியல் இடங்களைச் சுற்றி நூறு மீட்டருக்குள் கட்டவே கூடாது, அதற்கு மேல் இருநூறு மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டலாம் என்று 1992-லேயே அறிவிக்கை வந்துவிட்டது. 2010-ல் அதைச் சட்டத்திலேயே சேர்த்தார்கள். அந்த வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு, பெண்ணுக்குக் கல்யாணம் வைக்க மாடியில் ஒரு ரூம் எழுப்ப முடியாமல் தவிக்கிறவர்களின் கஷ்டம் நிஜம். சித்தப்பா பி.எஃப். பணத்தை எடுத்திருந்தார். சித்தியின் எட்டு வளையல் அடகில். பெண்கள் இரண்டு பேர்.

"உடைச்சு மூடிடுன்னேன்டா" என்றார்.

கொல்லையில் கொஞ்ச நேரம் காக்காய் சத்தம் மட்டும் கேட்டது.

"உள்ளே என்ன இருந்தது?"

"மண்ணு. நடுவுல வெள்ளை வெள்ளையா ஏதோ. நான் கிட்டப் போய்ப் பாக்கலை. அள்ளிண்டு வந்து அதோ, அங்கே கொட்டினா. வாழைக்கன்னு வச்சோம். அந்த வாழை ரொம்ப நன்னா வந்துது. உங்க ஆத்துக்குக்கூடத் தார் குடுத்து விட்டிருக்கேன்."

சாப்பிட்டிருக்கிறேன். நல்ல ருசி.

"அப்பறம் மறந்து போச்சு. 2021-ல டி.வி.யில சொன்னான் பாரு, சிவகளையில ஒரு தாழிக்குள்ள இருந்த நெல்லுக்கு வயசு கி.மு. 1155-னு. ஒரு பிடி நெல்லுடா! அதுலேருந்து மூவாயிரம் வருஷத்தைக் கண்டுபிடிக்கறான். நான் ஒரு தொட்டி மண்ணை வாழைக்கு உரமாப் போட்டிருக்கேன். அன்னிலேருந்து தூக்கம் இல்லை. லைப்ரரிக்குப் போய் ஒவ்வொண்ணாப் படிச்சேன். படிக்கப் படிக்கத்தான் நான் எதை உடைச்சேன்னு தெரிஞ்சுது."

நான் பி.காம். மூளையை உபயோகித்தேன். "விடுங்கோ சித்தப்பா. முப்பது வருஷம் ஆகப் போறது. டிப்ரிஸியேஷன் போட்டா புக் வேல்யூ ஜீரோ."

"பழைய மேஜைக்குத்தான்டா டிப்ரிஸியேஷன். இதுக்கு வருஷா வருஷம் ஏறிண்டே போறது" என்றார்.

மறுவாரம், வேலை நாளில், லீவு போட்டுவிட்டு அவரை எழும்பூர் மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். 1851-ல் ஆரம்பித்த மியூசியம். என் மாதிரி ஆசாமிகள் ஸ்கூல் எக்ஸ்கர்ஷனில் போய்த் திமிங்கல எலும்பைப் பார்த்துவிட்டு வந்ததோடு சரி. மஞ்சள் பையில் அந்தக் கால், பழைய வேட்டியில் சுற்றியபடி. கிளம்பும்போது சித்தி மட்டும், "அதை எடுத்துண்டு போனா கதவு அடிச்சுக்குமே" என்றாள். நியாயமான ஆட்சேபணை.

அங்கே ஒரு பேழை எதிரே நின்றோம். சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். கால்களை விரலை நீட்டி எண்ணினார். ஒரு தரம். மறுபடியும் ஒரு தரம். எனக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று புரிந்தது.

"யாரோ ஒருத்தருக்காகப் பண்ணினது" என்றார். "குயவன் நிதானமா உக்காந்து, ஒவ்வொரு காலா வச்சு, சுட்டு... வீட்டு மனுஷா பக்கத்துல நின்னுண்டிருந்திருப்பா."

புறநானூற்றில் ஒரு பெண் வருகிறாள். கணவனைப் பறிகொடுத்தவள். தாழி செய்கிற குயவனிடம், எனக்கும் சேர்த்து இடம் இருக்கிற மாதிரி அகலமாகச் செய் என்று கேட்கிறாள். பிளஸ் டூவில் இதை நாலு மார்க் என்று படித்தேன். சித்தப்பா பக்கத்தில் நின்றபோதுதான் அது ஒரு பெண் என்று உறைத்தது.

அங்கே விசாரித்து, அவர்கள் சொன்ன இன்னோர் ஆபீசுக்குப் போனோம். பொறுப்பில் இருந்தவர் ஓர் இளம் பெண். என்னைவிடச் சின்னவர். மேஜையில் நியூஸ் பேப்பரை விரித்து, வேட்டியைப் பிரித்து, காலைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் எடுத்தார். முதலில் பார்த்தது அந்தச் சில்லைத்தான்.

"இந்த உடைசல் மட்டும் புதுசா இருக்கே?"

அது வார்ம்-அப் மேட்சில் ஆனது என்று எப்படிச் சொல்வது? கூரையைப் பார்த்தேன்.

"பேழைக் கால் மாதிரிதான் தெரியுது. பரிசோதிச்சுத்தான் உறுதியாச் சொல்ல முடியும். இது எங்கே கிடைச்சது?"

சித்தப்பா பேசவில்லை. அவர் கழுத்து நரம்பு துடிப்பதைப் பார்த்தேன். வீடு. பி.எஃப். வளையல். எனக்கு ரத்த பாசம் பொங்கிவிட்டது.

"பல்லாவரம் சந்தையில வாங்கினது மேடம்" என்றேன்.

அவர் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. "சந்தையா... அப்ப சரி" என்றார். "சார், தப்பா நினைக்காதீங்க. எந்த இடம், எத்தனை அடி ஆழம், பக்கத்துல என்ன இருந்தது, இதெல்லாம் தெரிஞ்சாத்தான் இது பேசும். இல்லேன்னா இது வெறும் மண் கட்டைதான்."

வவுச்சர் இல்லாத என்ட்ரி. எனக்குப் புரிந்தது. சித்தப்பாவுக்கு என்னைவிட நன்றாகப் புரிந்திருக்க வேண்டும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இல்லைம்மா. இவன் எனக்காகப் பொய் சொல்றான். எழுதிக்கோ."

டோர் நம்பரிலிருந்து ஆரம்பித்தார். சர்வே நம்பர். தெற்குச் சுவரிலிருந்து எத்தனை அடி. ஆழம் ஆறரை. தொட்டி கிழக்கு மேற்காகக் கிடந்தது. மேலே ஒரு வரிசை உருண்டைக் கல். பக்கத்தில் கறுப்பும் சிவப்புமாக மூன்று கலயம், ஒன்று மூடியோடு. தேதிகூட இருந்தது. உடைத்து மூடச் சொன்ன மனிதர், ஒரு சின்ன விவரத்தைக்கூடத் தொலைக்காமல் இத்தனை வருஷம் மனசில் லெட்ஜர் போட்டு வைத்திருந்திருக்கிறார். அந்தப் பெண் எழுதிக்கொண்டே போனார். இரண்டு பக்கம்.

முடித்துவிட்டு சித்தப்பா கேட்டார்: "வீட்டை எடுத்துப்பேளா?"

அந்தப் பெண் பேனாவை மூடினார். "பொருள் கிடைச்ச உடனே யாரும் வீட்டை எடுத்துக்க மாட்டாங்க சார். அந்த நூறு மீட்டர், இருநூறு மீட்டர் கணக்கெல்லாம் அறிவிச்சுப் பாதுகாக்கற இடத்தைச் சுத்தித்தான். ஆனா சட்டப்படி அப்பவே நீங்க கலெக்டருக்கு எழுதியிருக்கணும். புதையல் சட்டம், 1878. மண்ணுக்கடியில பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ளது எது கிடைச்சாலும் சொல்லணும்."

பத்து ரூபாய்! எங்கள் தெரு முனையில் அந்தக் காசுக்கு ஒரு டீ கிடைக்காது.

"அப்ப யாரும் இதைச் சொல்லலியேம்மா" என்றார் சித்தப்பா. புகாராகச் சொல்லவில்லை. சும்மா சொன்னார்.

"அதுதான் சார் எங்க பக்கத்துத் தப்பு" என்றார் அந்தப் பெண். அரசாங்க ஆபீசில் இந்த வாக்கியத்தை நான் கேட்டது இதுவே முதல் தடவை. தேதி குறித்து வைத்திருக்கிறேன்.

எழுந்தோம். வாசல் வரை போன சித்தப்பா திரும்பினார்.

"இன்னொண்ணும்மா. உள்ளே இருந்த மண்ணைக் கொட்டின இடத்துல வாழை இருக்கு. இப்ப தார் போட்டிருக்கு. சலிச்சுப் பாக்கணும்னா வாங்கோ. வாழையை வெட்டிக்கலாம்."

"தார் பழுக்கட்டும் சார். அப்பறம் வரோம்" என்றார் அவர்.

திரும்பி வரும் ரயிலில், கிண்டி வருவதற்குள் சித்தப்பா தூங்கிவிட்டார். தலை என் தோளில். பழவந்தாங்கலில் நான் இறங்க வேண்டும். எழுப்ப மனசு வரவில்லை. அவரோடு பல்லாவரம் வரை போய், வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பினேன். டிக்கெட் பழவந்தாங்கல் வரைதான் எடுத்திருந்தேன். ரயில்வே மன்னிக்கட்டும்.

ராத்திரி சித்தியிடமிருந்து போன். சித்தப்பா ஏழரைக்கே படுத்துக் குறட்டை விடுகிறாராம். உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கவலை. "அது சரி, கொல்லைக் கதவு டமால் டமால்னு அடிச்சுக்கறது. எனக்குத் தூக்கம் போச்சு. முட்டுக் குடுக்க கனமா ஏதாவது இருந்தா கொண்டு வாயேன்."

மறுநாள் கொண்டு போய்க் கொடுத்தேன். சரியான உயரம், சரியான கனம். கதவு அசையவில்லை.

மேல் வீட்டுக்காரர் மட்டும் இரண்டு நாளாக எங்கள் செருப்பு ஸ்டாண்டையே உற்றுப் பார்த்துக்கொண்டு போகிறார். "சிப்பாய் எங்கே சார்?" என்று நேற்று கேட்டேவிட்டார்.

"பல்லாவரத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டார்" என்றேன்.